நிரைகளுக்கு நடுவே நிலத்திற்கோர் ஆடை

பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிச் செல்லும் பழைய சாலை, எண்ணற்ற வளைவுகளைக் கடந்து ரிங்லெட் என்னும் சிற்றூரை அடைகிறது. அங்கிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் வழியில், சாலையோரத்திலேயே ஓர் ஏரி காணப்படும். அது இயற்கையாக அமைந்த ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பாக்கார் அணையினால் உண்டான நீர்த்தேக்கம் அது. இந்நீர் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கக் குழாய் வழியே இறங்கி, மின்சாரம் உற்பத்தி செய்கிறது.

பெருமழை பெய்த மறுநாள் அவ்வேரியைக் காண்போர் அதன் நிறத்தைக் கண்டு திகைப்பர். பால் கலந்த தேநீரைப் போல் அது கலங்கியிருக்கும். தேயிலை விளையும் மலையாயினும் அந்நிறம் தேயிலையினால் வந்ததன்று. சுற்றிலுமுள்ள சரிவுகளிலிருந்து மழைநீர் அரித்துக் கொண்டு வந்த மண்ணே அந்நிறத்துக்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வந்து படிந்த வண்டல், நீர் தேங்க வேண்டிய இடத்தை அடைத்துக் கொண்டது. வண்டலை அள்ளும் வேலை ஓயாமல் நடைபெற வேண்டியதாயிற்று. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில், கனமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. வீடுகள் அழிந்தன, உயிர்களும் பலியாயின. அவ்வேளையில் ஏரியின் கொள்ளளவை வண்டல் எவ்வளவு குறைத்திருந்தது என்பது நாடெங்கும் பேசப்பட்டது.

"இது மலைநாட்டுச் செய்தி, ரப்பர் தோட்டத்தில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தேயிலையாயினும், ரப்பராயினும், வீட்டுக்குப் பின்னால் நாம் நடும் மக்காச்சோளமாயினும், எல்லாமே நிரை நிரையாக நடப்படுகின்றன. நிரைக்கும் நிரைக்கும் இடையே வெறுமையாகக் கிடக்கும் நிலமே மண் நம்மை விட்டுப் போகும் வாயில். அவ்வாயிலை அடைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

மழைத்துளியின் வலிமை

கேமரன் மலையில் ஆண்டொன்றுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வாறு எண்ணாகச் சொன்னால் அதன் அளவு மனத்தில் பதிவதில்லை. ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 10 டன் எடையுள்ள நீராகும். அப்படியானால் 2,500 மில்லிமீட்டர் மழை என்பது ஹெக்டருக்கு 25,000 டன். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 10,000 டன். ரப்பர் விளையும் தாழ்நிலப் பகுதிகளிலும் மழைக்குக் குறைவில்லை.

அந்நீர் மெல்ல வந்து இறங்குவதில்லை. பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. மிதிவண்டியை முழுமூச்சாய் மிதிப்பவனின் வேகத்துக்கு அது நிகரானது. வெறும் மண்மீது அத்துளி விழும்போது மண்துகள்கள் சிதறித் தெறிக்கின்றன. இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரம் வரை செம்மண் கறை படிந்திருக்கும். முற்றத்து மண்ணை மழைத்துளிகள் தெறிக்க வைத்ததால் உண்டான கறை அது. முற்றத்தில் புல் வளர்ந்திருக்கும் வீட்டுச் சுவரில் அக்கறை மிகக் குறைவாகவே இருக்கும்.

தெறித்த நுண்துகள்கள் மண்ணிலுள்ள சிறு துளைகளை அடைத்து விடுகின்றன. அதன்பின் நீர் நிலத்துக்குள் இறங்க வழியின்றி மேலேயே ஓடத் தொடங்குகிறது. சரிவான இடமாயின் ஓட்டம் விரைவடைந்து முதலில் விரலளவுக் கோடுகளையும், பின்னர் வாய்க்கால்களையும் வெட்டுகிறது. ஓடும் நீர் மேல்மண்ணையே முதலில் கொண்டு செல்கிறது. மக்கிய இலையும், இட்ட உரமும், வேருக்குத் துணைபுரியும் நுண்ணுயிர்களும் அந்தச் சில அங்குல மேல்மண்ணில்தான் உள்ளன. ஒரு மில்லிமீட்டர் மண் குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஹெக்டர் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண்ணாகும். அதை ஆக்கித் தர இயற்கைக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

புல் பூண்டு இல்லாத நிரை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஓர் எண்ணத்தை அறிவார்கள். "புல் பூண்டு இல்லாத நிரையே நல்ல நிரை" என்பதே அது. இவ்வெண்ணம் நம் நாட்டில் தோன்றியதன்று. இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டில் காப்பி பயிரிட்ட துரைமார்கள் தோட்டத்தைத் துடைத்து வைத்தாற்போல் வைத்திருப்பதையே பெருமையாகக் கொண்டனர். 1869-ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோயினால் காப்பி அழிந்தது. அதன்பின் அதே மலைகளில் தேயிலை நடப்பட்டபோது, பல இடங்களில் மேல்மண்ணின் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. தேயிலை வந்த பின்னரும் 'சுரண்டி' என்னும் கருவியால் களையுடன் மண்ணையும் சுரண்டும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வந்த தோட்டக்காரர்கள் அவ்வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் காடுகள் வெட்டித் திறக்கப்பட்டபோது, ஒரு புல்கூடத் தலைகாட்டாதவாறு மண்வெட்டியால் கொத்துவதே வெளிக்காட்டு வேலையாக இருந்தது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலை பிரட்டுக்களத்தில் நின்று, பகல் முழுவதும் வெயிலில் குனிந்து செய்த வேலை அது. அவர்கள் எவ்வளவு செம்மையாக அதைச் செய்தார்களோ, அவ்வளவு விரைவாக மழை மண்ணைக் கொண்டு சென்றது. நிலத்தைக் காக்கும் பச்சையை அகற்றுவதற்கே அவர்களுடைய உழைப்பு செலவாயிற்று என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. குற்றம் உழைத்தவர்களுடையதன்று. ஏவப்பட்ட வேலையை அவர்கள் குறைவறச் செய்தார்கள். ஏவியவர்களின் அறிவு அக்காலத்தில் அந்த அளவிலேயே இருந்தது.

1925-ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், அதே ஆண்டில் இலங்கையில் தேயிலை ஆராய்ச்சிக் கழகமும் தோற்றுவிக்கப்பட்டன. அதனையடுத்த ஆண்டுகளில் கருத்து மாறத் தொடங்கியது. 1930-களில், நிலத்தை வெறுமையாக்குவது தவறு என்பது நம் நாட்டு ரப்பர் தோட்டங்களிலும் உணரப்பட்டது. நிலத்தைக் கொடிகளால் மூடி வைக்கும் முறை பரவியது. அக்கொடிகளையே மூடுபயிர்கள் என்கிறோம்.

தேயிலைச் செடி கற்பிக்கும் பாடம்

கேமரன் மலையில் பெரிய அளவிலான தேயிலைப் பயிர் 1929-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் அவ்வாண்டில் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. இத்தோட்டங்கள் தழைத்ததில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. இன்று அம்மலைக்குச் செல்வோர், குன்றுகள் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை படர்ந்திருப்பதைக் காணலாம்.

அக்கம்பளம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. முதிர்ந்த தேயிலைச் செடி, கொழுந்து பறிப்பதற்கு ஏற்றவாறு இடுப்பளவு உயரத்திலேயே வெட்டி வைக்கப்படுகிறது. அதனால் அது பக்கவாட்டில் படர்ந்து அடுத்த செடியுடன் கலந்து விடுகிறது. மேலே விழும் மழைத்துளி இலையில் மோதி உடைந்து, இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து மெல்லச் சொட்டுகிறது. ஆகவே, முதிர்ந்த தேயிலை தனக்குத் தானே மூடுபயிராக அமைந்து விடுகிறது எனலாம்.

ஆயினும் தேயிலைக்கும் இரண்டு ஆபத்தான காலங்கள் உள்ளன. முதலாவது, கன்று நட்ட முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள். ஏறத்தாழ நாலடிக்கு ஒரு நிரையாக நடப்பட்ட சிறு கன்றுகளுக்கு நடுவே நிலம் வெறுமையாகக் கிடக்கும். இரண்டாவது, கவ்வாத்துக் காலம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டும்போது, துளிர் படரும் வரை நிலம் மீண்டும் வானத்தைப் பார்க்கிறது.

இவ்விரு காலங்களையும் கடக்கத் தேயிலை நாடுகளில் பல வழிகள் கையாளப்பட்டன. சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் நிரைகள் அமைக்கப்பட்டன. வழிந்தோடும் மண்ணைத் தடுக்கக் குழிகளுடன் கூடிய வடிகால்கள் வெட்டப்பட்டன. இளஞ்செடிகளின் நடுவே தெப்ரோசியா, குரோட்டலேரியா போன்ற அவரை இனச் செடிகள் வளர்க்கப்பட்டு, அவ்வப்போது வெட்டி நிலத்தில் பரப்பப்பட்டன. குரோட்டலேரியாவை நம் ஊரார் கிலுகிலுப்பை இனம் என்று அறிவர். இலங்கையில், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே புதுக் கன்று நடாமல், குவாத்தமாலாப் புல்லை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, அதை வெட்டி நிலத்திலேயே பரப்பி, மண்ணைத் தேற்றிய பின்னரே நடுவது வழக்கமாயிற்று.

கவ்வாத்துச் செய்த கிளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. அவற்றை விறகுக்காக வீட்டுக்கு எடுத்துச் செல்வது தேயிலைத் தோட்டங்களில் பழைய வழக்கம். அடுப்பெரிய வேண்டும் என்னும் தேவையை எவரும் மறுக்க இயலாது. ஆனால், அக்கிளையும் இலையும் நிரையிலேயே கிடந்தால், செடி துளிர்க்கும் வரை நிலத்துக்கு அவையே போர்வை. மக்கிய பின் அவையே உரம். தடித்த கட்டைகளை விறகுக்கு எடுத்துக் கொண்டு, இலையையும் சுள்ளியையும் நிலத்துக்கே விடுவது இரு தேவைகளையும் ஓரளவு நிறைவேற்றும்.

ரப்பர் மரம் ஏன் வேறுபடுகிறது?

தேயிலையைப் போல ரப்பர் மரமும் கிளைபரப்பி நிழல் தருகிறதே, அந்த நிழல் போதாதா என்னும் ஐயம் எழலாம். போதாது என்பதே விடை.

ரப்பர் மரத்தின் இலைகள் உயரத்தில் உள்ளன. மழைத்துளிகள் அவ்விலைகளில் ஒன்று சேர்ந்து, முன்னிலும் பெரிய துளிகளாகி மீண்டும் கீழே விழுகின்றன. முப்பதடி உயரத்திலிருந்து விழும் துளி, தரையை அடையும்போது ஏறத்தாழ முழு வேகத்தையும் மீண்டும் பெற்று விடுகிறது. மழை தொடங்கியதும் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டு மரத்தடியில் ஒதுங்கியவர்கள், அத்துளி தலையில் விழும் கனத்தை அறிவார்கள். ஆகவே, மரத்தின் நிழல் மட்டும் மண்ணைக் காப்பதில்லை. மரத்தடியில் படர்ந்துள்ள கொடியும், உதிர்ந்து கிடக்கும் சருகுமே காக்கின்றன.

மேலும், இளம் ரப்பர் நிரைகளுக்கு இடையே இருபது அடி அல்லது அதற்கு மேலும் இடைவெளி உண்டு. கன்று நட்டு நிழல் கூடுவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அவ்விடைவெளி வெறுமையாக இருந்தால் மண் போகும். கவனியாமல் விட்டால் லாலான் புல் புகும். லாலான் புல்லின் ஊசிபோன்ற கிழங்கு நிலத்தடியில் பரவி, இளமரத்தின் நீரையும் உரத்தையும் பறிக்கும். வறட்சியில் எளிதில் தீப்பற்றும். மூன்றாவது வழி, நாமே தேர்ந்தெடுத்த மூடுபயிரை அங்கே வளர்ப்பதாகும்.

அவரை இனத்தின் அருமை

ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக விளங்குபவை பெரும்பாலும் அவரை இனக் கொடிகளே. அவ்வினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. நாம் மூச்சு விடும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. பயிர்கள் பச்சையாகத் தழைப்பதற்கு வேண்டிய உணவு அதுவே. எனினும், பயிர்களால் அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக் கொள்ள இயலாது. அவரை இனச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியேறி, சிறு முடிச்சுகளை உண்டாக்குகிறது. அம்முடிச்சுகளுக்குள் காற்றிலுள்ள நைட்ரஜன் உணவாக மாற்றப்படுகிறது.

இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். நன்கு வளர்ந்த கொடியொன்றை வேர் அறுபடாமல் மெல்லத் தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று பொருள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடைபெறவில்லை. நன்கு படர்ந்த மூடுபயிர், ஹெக்டர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட நைட்ரஜனை நிலத்துக்குச் சேர்க்க வல்லது. இலை உதிர்ந்து மக்கும்போது அது சிறிது சிறிதாக ரப்பர் மரத்துக்குக் கிடைக்கிறது.

இவ்வினத்தில் மூன்று கொடிகள் நெடுங்காலமாக ஒன்றாகக் கலந்து விதைக்கப்பட்டு வருகின்றன. கலப்பகோனியம் மிக விரைவாகப் படர்ந்து சில மாதங்களில் நிலத்தை மூடும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்து விடும். அதன்பின் பூரேரியா ஆட்சியை ஏற்கும். தடித்த போர்வையாக அது நிலத்தை மூடி நிற்கும். சென்ட்ரோசீமா மெதுவாக வளர்ந்தாலும், நிழலையும் வறட்சியையும் சற்றுத் தாங்கி நீடிக்கும். ஒன்று ஓயும்போது மற்றொன்று தாங்குவதற்காகவே இம்மூன்றும் கலக்கப்படுகின்றன. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து மூக்குனா பிராக்டியாட்டா என்னும் கொடி நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று செம்பனைத் தோட்டங்களில் அதைப் பரவலாகக் காணலாம். அதன் வளர்ச்சி மிகக் கடுமையாதலால், இளமரத்தில் ஏறிவிடாதவாறு அடிக்கடி கண்காணித்தல் வேண்டும்.

பச்சையாய்ப் படரும் எல்லாக் கொடிகளும் மூடுபயிர் ஆகிவிடா. மீக்கானியா என்னும் கொடியும் விரைந்து படரும். ஒரு காலத்தில் அதுவும் மூடுபயிராக வளர்க்கப்பட்டதுண்டு. ஆனால், அது அவரை இனத்தைச் சேர்ந்ததன்று. ரப்பர் மரத்தின் வளர்ச்சியையும் அது தடை செய்கிறது. எனவே அதை வளர விடுதல் கூடாது.

விதைக்கும் முறை

மூடுபயிர் விதையின் தோல் மிகவும் கடினமானது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காமல் கிடந்து விடும். இரண்டு பங்கு கொதிநீருடன் ஒரு பங்கு குளிர்ந்த நீரைச் சேர்த்தால் ஏறத்தாழ 75 பாகை வெப்பமுள்ள நீர் கிடைக்கும். அதில் விதையைப் போட்டு, நீர் ஆறும்வரை ஊற விட்டு, பின்னர் வடித்து, காலந்தாழ்த்தாமல் விதைத்தல் வேண்டும். கொதிக்கும் நீரை மட்டும் ஊற்றினால் விதை வெந்து போகும்.

புதிதாகத் திறக்கப்பட்ட நிலத்தில் உரிய ரைசோபியம் இல்லாதிருக்கலாம். ஆதலின், ஊறிய விதையுடன் அந்நுண்ணுயிர்க் கலவையைச் சேர்ப்பது நன்று. அதனுடன் பாறைப் பாஸ்பேட்டு உரத்தைக் கலந்து விதைத்தால் வேர் உறுதியாக ஊன்றும். நைட்ரஜனைத் தானே ஆக்கிக் கொள்ளும் கொடிக்கும் பாஸ்பரஸ் சத்தை நாம்தான் கொடுத்தல் வேண்டும். நிரைகளுக்கு நடுவே கோடு கிழித்து மழைக்காலத்தின் தொடக்கத்தில் விதைப்பதே ஏற்றது.

முதல் சில மாதங்கள் களையெடுப்பது கடினமான வேலைதான். நிலம் மூடிய பின் அவ்வேலை வெகுவாகக் குறைந்து விடும். மரத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்றடி வட்டத்தை மட்டும் கொடியில்லாமல் வைத்திருத்தல் வேண்டும். மரத்தில் சுற்றும் கொடியை அவ்வப்போது இழுத்து விடுதல் வேண்டும்.

மக்காச்சோளத்தின் நடுவே பயறு

கேமரன் மலையின் சாலையோரக் கடைகளில் ஆவி பறக்கும் அவித்த மக்காச்சோளத்தை வாங்கி உண்ணாதவர் சிலரே. நம் லயத்துப் பின்புறத்திலும் பலர் அதை நடுகின்றனர். இளம் ரப்பர் நிரைகளுக்கு நடுவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிட்டுச் சிறு தோட்டக்காரர்கள் வருவாய் பெறுவதும் உண்டு. ஆனால், மண்ணைப் பொறுத்தவரை மக்காச்சோளம் ஆபத்தான பயிராகும். தண்டு நிமிர்ந்து வளர்கிறது. அடியில் நிலம் திறந்தே கிடக்கிறது.

வழக்கமாக மக்காச்சோள நிரைகளுக்கு இடையே 75 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் விடப்படுகின்றன. அண்மைக் காலத்தில் அமெரிக்க உழவர்கள் சிலர் நிரையின் இடைவெளியை இரு மடங்காக்கி, செடிகளின் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்து வருகின்றனர். அதாவது, நிரைக்கு நிரை 150 சென்டிமீட்டர்; செடிக்குச் செடி பன்னிரண்டரை சென்டிமீட்டர். செடிகளின் தொகை குறைவதில்லை. ஆனால், அகன்ற இடைவெளியில் சூரிய ஒளி நிலம் வரை இறங்குவதால், அங்கே மூடுபயிர் செழித்து வளர்கிறது. செடிகள் நெருங்கி நிற்பதால் கதிரின் விளைச்சல் சற்றுக் குறைவதும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. அதற்கு ஈடாக மண் காக்கப்படுகிறது. கால்நடைத் தீவனமும் கிடைக்கிறது.

நம் தமிழ் உழவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் சோளத்தின் நடுவே தட்டைப்பயறு, மொச்சை முதலியவற்றை ஊடுபயிராக விதைப்பது பழைய வழக்கம். நாமும் வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம். சரிவுக்குக் குறுக்கே மக்காச்சோள நிரைகளை அகலமாக அமைக்க வேண்டும். செடி முழங்கால் உயரம் வந்தபின் நடுவே தட்டைப்பயறோ நிலக்கடலையோ விதைக்க வேண்டும். முன்னதாக விதைத்தால் பயறு மக்காச்சோளத்தை அமுக்கி விடும். மிகத் தாமதித்தால் நிழலில் மெலிந்து போகும். கதிர் ஒடித்த பின் தட்டையையும் பயற்றங்கொடியையும் எரிக்காமல் நிலத்திலேயே பரப்பி விடுதல் நலம். பயறு ஆக்கிய நைட்ரஜனில் சிறு பகுதியே உடன் வளரும் மக்காச்சோளத்துக்குக் கிடைக்கும். பெரும்பகுதி, கொடி மக்கிய பின் அடுத்த பயிருக்கே சேரும். ஆகவே முதல் விளைச்சலிலேயே பெரும் பயனை எதிர்பார்த்து ஏமாறலாகாது.

இளம் ரப்பர் நிரையில் மக்காச்சோளம் நடுவோர், மரத்திலிருந்து போதிய தொலைவு விட்டு நடுதல் வேண்டும். அது உரத்தை மிகுதியாக உண்ணும் பயிராதலால், அதற்கெனத் தனியே உரமிடுதலும் வேண்டும்.

தொழிலாளர்களின் ஐயங்கள்

மூடுபயிர் என்றதும் தோட்டத்தில் எழும் முதற்கேள்வி பாம்பைப் பற்றியது. இக்கேள்வியை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. அடர்ந்த கொடியில் எலி தங்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். இருட்டோடு மரம் வெட்டச் செல்பவருக்கு அச்சம் இயல்பே. ஆகவே, நடக்கும் பாதையும் மரத்தைச் சுற்றியுள்ள வட்டமும் எப்போதும் வெட்டித் துப்புரவாக வைக்கப்படல் வேண்டும். முழங்கால் வரை உயர்ந்த காலணியும் தலைவிளக்கும் இன்றியமையாதவை. கொடியைப் பாதுகாக்கச் சொல்லும் நிர்வாகம், அதனூடே நடப்பவரின் பாதுகாப்பையும் கவனிக்கக் கடமைப்பட்டது.

இரண்டாவது கேள்வி, "கொடி மரத்தின் உணவைப் பங்கு போடாதா?" என்பது. தொடக்கத்தில் சிறிது பங்கு போடுவது உண்மையே. கடும் வறட்சியில் நீருக்கும் போட்டியிடும். ஆனால், எடுத்ததைவிட மிகுதியாகவே பின்னர் திருப்பித் தருகிறது. புல் மண்டிய நிலத்து மரங்களைவிட, அவரை இன மூடுபயிர் வளர்ந்த நிலத்து மரங்கள் விரைவில் பருத்து, முன்னதாகவே வெட்டுக்கு வருகின்றன என்பது பல்லாண்டு ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. மரத்தின் சுற்றளவு உரிய அளவை எட்டினால்தான் பால் வெட்டத் தொடங்கலாம். அந்நாள் முன்னதாக வந்தால் தோட்டத்துக்கு மட்டுமன்றி, வெட்டுக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கும் நன்மையே.

மூன்றாவது கேள்வி, "மருந்தடித்தால் வேலை எளிதல்லவா?" என்பது. களைக்கொல்லி தெளித்தால் நிரை சில வாரங்கள் துப்புரவாகத் தோன்றும். அந்தத் துப்புரவு, மண்வெட்டியால் கொத்திய பழைய காலத்துத் துப்புரவைப் போன்றதே. நிலம் மீண்டும் வெறுமையாகிறது. தெளிப்பவரின் உடல்நலத்துக்கும் அது கேடு பயக்கக்கூடும். தேவையான வட்டத்தில் மட்டும், உரிய கையுறையும் முகமூடியும் அணிந்து தெளிப்பதே முறையாகும்.

நாள்தோறும் நிரையில் நடப்பவர்

சரிவான நிலத்தைக் காப்பதற்கென நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, மண் கரையும் இடத்தை முதலில் காண்பவர் தொழிலாளரே. அதிகாரிகள் திங்களுக்கு ஒருமுறை வரலாம். நிரையில் நாள்தோறும் நடப்பவர் நாம்தாம். நேற்று மூடியிருந்த வேர் இன்று வெளியே தெரிந்தால், வடிகாலில் புது மணல் படிந்திருந்தால், ஒரு மரத்தடியில் கொடி பட்டுப்போயிருந்தால், அதை மண்டோரிடமோ நிர்வாகியிடமோ உடனே தெரிவித்தல் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் சிறு இடமாயினும், அறுவடைக்குப் பின் அதை வெறுமையாக விடாதிருத்தல் நலம். விதையும் ஆலோசனையும் வேண்டுவோர் அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தையும், ரப்பர் சிறு தோட்டக்காரர்கள் ரிஸ்டா அலுவலகத்தையும் நாடலாம்.

ரிங்லெட் ஏரியின் அடியில் கிடக்கும் வண்டல், ஒரு காலத்தில் சரிவுகளில் பயிரை வளர்த்த மேல்மண்ணாகும். அதை அள்ளி மீண்டும் மலைமேல் பரப்ப எவராலும் இயலாது. நம் தோட்டத்து மண் இன்னும் நம் காலடியில் இருக்கிறது. அதன்மீது ஒரு பச்சை ஆடையைப் போர்த்தி, அது நழுவாமல் பார்த்துக் கொள்வோமாக.